சந்தனத்துக்கு அடியில் இருந்த நம்பர்

இதைப் படித்துவிட்டு "கதை நன்றாக இருந்தது" என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். இது கதை இல்லை. போன ஆடி மாதம், மாட்டுங்காவில், பட்டப்பகலில், மூன்று பேர் கண் விழித்து உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. மூன்று பேரில் நான் ஒருத்தி. போலீஸ் ஸ்டேஷனின் பெயரை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை.

என் பெயர் ஸ்மிதா. செம்பூரில் இருக்கிறேன். ஒரு ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கி அறை என் பொறுப்பு. காலையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், சாயங்காலம் சரிபார்த்து வாங்கிப் பூட்ட வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. "உனக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அசல்தானா என்று திருப்பிப் பார்ப்பாய்" என்று என் கணவர் நிகில் கேலி செய்வார். பேய், பிசாசு எல்லாம் எனக்கு நேரத்தை வீணாக்கும் விஷயங்கள். அப்படித்தான் இருந்தேன்.

அம்மு என் பள்ளிக்கூடத் தோழி. மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி. அவளுடைய அப்பா பஞ்சாபகேசன் மாமா சித்திரையில் தவறிப்போனார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வெளியே விடுகிற மனிதர். அவர் வீட்டுப் பரணில் ஒரு ரைஃபிள் இருந்தது என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவருடைய அப்பா வாங்கியது. ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனாராம். அப்பா போன பிறகு மகன் பெயருக்கு லைசென்ஸ் மாறியது. இப்போது மகனும் போய்விட்டார். வீட்டுக்குப் பெரியவர் என்று மிச்சம் இருப்பது அம்முவின் அம்மா நாகலக்ஷ்மி மாமி. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதில்தான் சிக்கல்.

அது பட்டாளத்து ரைஃபிளை மாற்றிச் செய்த வேட்டைத் துப்பாக்கி. பட்டாளத்தில் இருந்தபடியே வீட்டில் வைத்திருந்தால் பெரிய குற்றம், ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது. குழலையும் தோட்டா அளவையும் மாற்றியிருந்தால் லைசென்ஸ் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே முகம்தான். போதாக்குறைக்கு லைசென்ஸ் புத்தகம் மழையில் ஊறி, துப்பாக்கியின் உடல் நம்பர் எழுதிய வரி கரைந்துவிட்டது. போல்ட்டின் நம்பர் மட்டும் படிக்க முடிந்தது. A 2093.

போல்ட் என்பது ரைஃபிளின் பின்பக்கம் கையால் இழுத்துத் தள்ளுகிற இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்.

"அம்மா ராத்திரி தூங்கறதே இல்லைடி. எழுபத்தஞ்சு வயசுல கோர்ட்டு, ஜெயில்னு ஏதேதோ பேசறா" என்றாள் அம்மு போனில். "நீ வந்து பாரு. இது மாத்தினதுதான், இதுதான் நம்பர்னு உறுதியாச் சொல்லு. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்டி."

போனேன். நல்ல மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் வரை தண்ணீர். புடவைக்காரிகள், பேன்ட்காரர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் நனைந்து நடந்தார்கள். நான் அம்முவின் வீட்டுக்குள் நுழைந்தபோது தரையெல்லாம் ஈரமாகிவிட்டது. மாமி துணி கொண்டு வந்து என் காலடியில் போட்டார். இந்த ஈரத்தைச் சும்மா சொல்லவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேஜை மேல் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்தேன். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தேன். பிறகு போல்ட்டை வெளியே எடுத்து, ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்தேன். எங்கள் வேலையில் அது பழக்கம். போல்ட் தனியாக இருக்கும் துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்து இல்லை.

ஐந்து நிமிஷத்தில் அது எந்த வகை என்று தெரிந்துவிட்டது. பட்டாளத்து ரைஃபிளுக்கு முன்கட்டை குழலின் வாய் வரை போகும். இதில் பாதியிலேயே அறுத்து, முனையை உருட்டி மெழுகு போட்டிருந்தார்கள். குத்துவாள் மாட்டுகிற இரும்பு மூக்கைக் காணோம். குழலைக் குட்டையாக்கியிருந்தார்கள். தூரம் வைத்துக் குறி பார்க்கும் பெரிய தகட்டை எடுத்துவிட்டு, வேட்டைக்குப் போதுமான சின்ன இலை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பின்கட்டையில் பித்தளை வில்லை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக மரத்தை வைத்து அடைத்திருந்தார்கள். எந்தப் படைப்பிரிவு என்று அந்த வில்லையில்தான் இருக்கும். துரை நல்ல ஆசாரியிடம்தான் கொடுத்திருக்கிறார். குழலின் தோட்டா அளவும் மாற்றியதுதான்.

"மாத்தினதுதான் மாமி. அந்தப் பயம் வேண்டாம்" என்றேன்.

மாமி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனால் உடல் நம்பரைக் காணோம். இருக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. பழுப்பு நிறம், நடுவில் கருஞ்சிவப்பு. முதலில் துரு என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு வெப்பார்" என்றார் மாமி. "கத்தி, அரிவாமணை, தையல் மிஷின், எல்லாத்துலயும் மறுநாள் தொடச்சிடுவோம். இதுல மட்டும் தொடைக்கப்படாதும்பார். அது மேலயே அடுத்த வருஷமும் வெப்பார். அவரோட அப்பாவும் அப்படித்தானாம்."

"ஏன்?"

"கேட்டா பேச்சை மாத்திடுவார்."

எனக்கு அங்கேதான் முதல் சந்தேகம். ஒரு மனிதர் ஒரே இடத்தில், ஒவ்வொரு வருஷமும், நம்பருக்கு மேல் சந்தனத்தை அப்புகிறார் என்றால் அது பக்தி இல்லை. மறைக்கிறார். திருட்டுத் துப்பாக்கியா? மாமாவின் முகத்தை நினைத்தால் சிரிப்பு வந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

மாமி தடுத்தார். பூஜை செய்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாதாம். நம்பர் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் எடுத்துச் சொன்னேன். மாமி சுவாமி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெந்நீர், தேங்காய் எண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ். வருஷக் கணக்கில் படிந்தது ஏடு ஏடாக வந்தது. கீழே கிரீட முத்திரை. அதற்குக் கீழே ஆண்டு. அதற்குக் கீழே நம்பர். எழுத்து மங்கலாக இருந்ததால் மாமியின் சம்புடத்திலிருந்து விபூதி எடுத்துத் தேய்த்தேன். பள்ளத்தில் வெள்ளை ஏறி, பளிச்சென்று தெரிந்தது.

K 7714.

போல்ட்டில் A 2093. பட்டாளத்தில் இரண்டுக்கும் ஒரே நம்பர்தான் அடிப்பார்கள். இங்கே வேறு வேறு. அதாவது இந்த ரைஃபிளின் சொந்தப் போல்ட் எங்கேயோ போய்விட்டது. துரை வேறு ஒன்றைப் போட்டிருக்கிறார். பழைய துப்பாக்கிகளில் இது சகஜம். லைசென்ஸிலும் A 2093 என்றே இருப்பதால் கவலை இல்லை. இரண்டையும் போனில் படம் எடுத்தேன். மணி 3.52 என்று படத்தில் இருக்கிறது. போல்ட்டுக்கு நான் பையில் கொண்டு வந்த துப்பாக்கி எண்ணெயைத் தடவித் திரும்பவும் துண்டில் வைத்தேன்.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம்.

டக். டக். டக்.

அழைப்பு மணி இருக்கிறது. சிவப்பு விளக்கோடு, குருடனுக்கும் தெரியும்படி இருக்கிறது. ஆனாலும் தட்டினார்கள்.

மாமி போய்த் திறந்தார். வாசலில் ஒரு ஆள். இருபத்தைந்து வயசு இருக்கும். காக்கிக் கால்சட்டை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. ஒட்ட வெட்டிய முடி.

"நம்பரு பாக்கணும்" என்றார்.

தமிழ். அதுவும் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ்.

மாமிக்கு அது ஒன்றே போதும். "ஸ்டேஷன்லேர்ந்து வந்திருக்கேளா? தமிழாளா நீங்க? உள்ள வாங்கோ." பம்பாயில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் அடுத்த கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். மாமியும் கேட்டார். "எந்த ஊரு?"

"உடன்குடி பக்கம். செந்தேரி."

"பேரு?"

"சுயம்பு."

எனக்கு உடம்பெல்லாம் சந்தேகம். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர் முதலில் போன் செய்வார். கையில் ஒரு காகிதமாவது இருக்கும். நாளைக்கு நாங்களே கொண்டு போகிறோம் என்று சொன்ன பிறகு எதற்கு ஒரு ஆள்? துப்பாக்கி விஷயம் வெளியே கசிந்து எவனோ மோப்பம் பிடித்து வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே வந்ததும் நானே போய்க் கதவைச் சாத்தி, சங்கிலியை மாட்டினேன். எடுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க வேண்டும் அல்லவா?

திரும்பியபோதுதான் அவருடைய காலைப் பார்த்தேன்.

வெறுங்கால். கணுக்கால் வரை சிவப்பு மண். காய்ந்த மண்.

சட்டையும் காய்ந்திருந்தது. தலைமுடியும்.

வெளியே முழங்கால் தண்ணீர்.

இதே கட்டடத்தில் எங்கேயோ இருந்து வருகிறான், யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூளை அப்படித்தான் வேலை செய்தது.

"ஐடி கார்டு காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்தார். கிட்டே போனார். துப்பாக்கியை எடுக்கவில்லை. குனிந்து, சுட்டு விரலை நம்பரின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். உதடு அசைந்தது. விபூதி விரலில் ஒட்டவில்லை.

பிறகு கையை முன்னால் கொண்டு போனார். அறுத்த இடத்தில் விரல் நின்றது.

"முன்கட்டைய அறுத்துட்டாவளா..."

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? வீட்டுப் பிள்ளைக்குக் கால் போய்விட்டது என்று கேள்விப்பட்டவர் பேசுவது போல இருந்தது. அம்மு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காபி சாப்பிடறேளா?" என்றார் மாமி. பயத்தில் மாமிக்கு உபசாரம்தான் வரும்.

அவருடைய விரல் அறுத்த இடத்திலேயே இருந்தது.

கரண்ட் போனது.

மழை நாள். ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தோம். திடீரென்று கூடம் இருட்டு.

நான் போனைத் தேடினேன். மேஜையில்தான் வைத்திருந்தேன்... கையில் தட்டுப்படவில்லை.

அப்போது அந்தச் சத்தம்.

க்ளிக்.

ஸ்ஸ்ரக்...

நான் தினமும் கேட்கிற சத்தம். ஆயிரம் சத்தத்தில் எனக்கு அது தெரியும். போல்ட் ரைஃபிளுக்குள் போகிற சத்தம்.

க்ளாக்.

கைப்பிடி கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டது.

மண் வாசனை. மழை மண் இல்லை. வெயிலில் காய்ந்த மண்.

"சரியா இருக்கு" என்றது குரல்.

என் காதுக்குப் பக்கத்தில்.

அம்மு கத்தினாள். போன் கையில் கிடைத்தது. வெளிச்சம் போட்டேன்.

யாரும் இல்லை.

மேஜை மேல் துப்பாக்கி. அதில் போல்ட் மாட்டியிருந்தது. துண்டில் எண்ணெய்க் கறை மட்டும்.

கதவுக்கு ஓடினேன்.

சங்கிலி... நான் மாட்டியபடியே இருந்தது.

கரண்ட் வந்ததும் மூன்று பேரும் வீடு முழுக்கத் தேடினோம். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பரணில், எங்கேயும் இல்லை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. கீழே இறங்கி வாட்ச்மேன் ஷகீலைக் கேட்டேன். அவர் ஸ்டூலைப் படிக்கட்டில் போட்டு, தண்ணீருக்கு மேலே காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு அப்புறம் யாரும் ஏறலை மேடம். இந்தத் தண்ணியில் யார் வருவாங்க?" என்று இந்தியில் சிரித்தார்.

"நீ சங்கிலி போட்டதா நெனச்சுண்டிருப்பே. அவன் போனப்புறம் பதட்டத்துல போட்டிருப்பே" என்றாள் அம்மு. அவளுக்கு அப்படி இருந்தால் நல்லது. எனக்கும் அப்படி இருந்தால் நல்லது. ஒரு திருடன் வந்தான், நாங்கள் கத்தியதும் ஓடிவிட்டான், துப்பாக்கி பத்திரம் என்று முடிவு செய்தோம். அன்று சாயங்காலமே அதைப் பரணில் வைத்துப் பூட்டிச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்டேஷன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மாமிக்கு நாற்காலி போட்டார்கள். துப்பாக்கியைப் பார்க்க அவர்களுடைய ஆயுதப் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் எடுத்த படங்களைக் காட்டினேன். மாற்றிச் செய்ததுதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். பிறகு போல்ட்டை இழுத்தார்.

கரகரவென்று சத்தம். மேஜை மேல் மண் கொட்டியது.

சிவப்பு மண். மாவு மாதிரி பொடிப்பொடியாக, தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் போல அவ்வளவு நைஸான மண்.

முந்தின நாள் அந்த ரைஃபிளை அங்குலம் அங்குலமாகத் துடைத்தவள் நான்.

அவர் போல்ட்டைத் துடைத்து நம்பரைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி போல்ட்டைப் பார்த்தார். நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

K 7714.

உடலில் இருந்த அதே நம்பர். அதே எழுத்து, அதே அச்சு. இந்த ரைஃபிளோடு பிறந்த போல்ட். லைசென்ஸில் இருக்கும் A 2093 இல்லை. என் படத்தில் இருப்பதும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார். துப்பாக்கியின் ஒரு முக்கிய பாகம் துப்பாக்கிக்குச் சமம். லைசென்ஸில் உள்ள பாகம் காணோம். லைசென்ஸில் இல்லாத பாகம் வந்திருக்கிறது. வேறொருவர் வந்து மாற்றிவிட்டார் என்றால், அப்படி ஒரு ஆளை அவர்கள் அனுப்பவே இல்லை. "ஏழு நாள் தருகிறேன். அந்தப் புர்ஜா, அந்தப் பாகம், எங்கே என்று தேடிக் கொண்டு வாருங்கள். வராவிட்டால் அம்மா பெயரில்தான் கேஸ் எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் மாமி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். சுரண்டாதே என்று சொன்னேனே என்று ஒரு தடவையாவது அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம். பயத்தை விடக் கோபம். ஏதோ ஒரு கில்லாடி எங்கள் கண்ணைக் கட்டிவிட்டுப் போல்ட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கிறான். பழைய துப்பாக்கிச் சாமான் சேர்க்கிற பைத்தியங்கள் உண்டு. பேரும் ஊரும் சொன்னானே, அது போதும். பொய்ப் பேராக இருந்தாலும் அந்தப் பேச்சு பொய் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரரைப் பம்பாயில் தேட வேண்டுமென்றால் தாராவிக்குப் போனால் போதும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது.

மூன்று நாள் சுற்றினோம். நானும் அம்முவும் தொண்ணூறு அடி ரோட்டுச் சந்துகளில் "செந்தேரிக்காரர் யாராவது உண்டா?" என்று கடை கடையாகக் கேட்டோம். கடைசியில் ஒரு ஸ்கூல் பை தைக்கிற பட்டறையைக் காட்டினார்கள். முதலாளி பெயர் லிங்கதுரை. அறுபது வயசு. எங்களைப் பார்த்ததும் அவருக்கும் சந்தேகம்தான்.

"எடத்த இடிச்சுக் கட்ட சர்வே எடுக்க வந்திருக்கியளா? அளக்கதெல்லாம் சங்கத்துல பேசிட்டு வாங்க."

"இல்லை அண்ணாச்சி. உங்க ஊர் ஆள் ஒருத்தரைத் தேடறோம். சுயம்புன்னு பேர்."

அவர் தையல் மிஷினை நிறுத்தினார்.

"எந்தச் சுயம்பு?"

ஆளைச் சொன்னேன். வயசு, முடி, காக்கிக் கால்சட்டை. துப்பாக்கி நம்பர் பார்க்க வேண்டும் என்று வந்தான், போல்ட்டை மாற்றிவிட்டான் என்றேன். லிங்கதுரை எழுந்து பட்டறைக் கதவைச் சாத்தினார். பையன்களை டீ குடிக்கப் போகச் சொன்னார்.

"எங்க ஆச்சி கூடப் பொறந்தவரு" என்றார். "வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தாரு. எல்லையில முகாம். ராத்திரி தூங்கும்போது போல்ட்டக் கழட்டி இடுப்புல கட்டிக்கிடணுமாம், களவு போவக் கூடாதுன்னு. ஒருநாள் காலையில முழிச்சிப் பாத்தா துப்பாக்கியக் காணும். போல்ட்டு மட்டும் இடுப்புல இருக்கு. நீதான் வித்துட்டன்னுட்டாவ."

"அப்புறம்?"

"ஜெயில்ல போட்டாவ. பொறவு வெளிய தள்ளிட்டாவ. போல்ட்ட எப்படி ஒளிச்சி வச்சிருந்தாரோ, ஊருக்குக் கொண்டாந்துட்டாரு. நான் விக்கல, துப்பாக்கி கெடச்சா போட்டுக் காமிப்பேன்னு ஒரே பேச்சு. எங்க துப்பாக்கியக் கண்டாலும் போயி நிப்பாராம். சமீன் வீடு, போலீஸ் ஸ்டேஷன், பாரஸ்டு ஆபீசு. நம்பரு பாக்கணும், நம்பரு பாக்கணும்னு..."

அம்மு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டேன். என் வாய் கேட்டது. வயசுக் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா சந்தனத்தால் நம்பரை யாரிடமிருந்து மறைத்தார் என்பதும்.

"சுதந்திரத்துக்கு முன்னயே செத்துட்டாரு. தேரியில கெடந்தாராம். கையில போல்ட்டு. வெரலப் பிரிக்க முடியல. கல்யாணம் ஆவாதவர எரிக்க மாட்டோம். அப்படியே போல்ட்டோட பொதச்சிட்டாவ."

தேரி என்றால் அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. ஆடிக் காற்றில் மணல் இடம் விட்டு இடம் போகும். புதைத்த இடங்கள் திறந்துகொள்ளும். ஆடி முடிந்ததும் சொந்தக்காரர்கள் போய் மண் தள்ளி மூடிவிட்டு வருவார்களாம். இதை அவர் சொல்லும்போதே எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் மாமியின் முகம் கண் முன்னால் நின்றது. சொன்னேன்.

"அந்த இடத்தை இப்ப யாராவது பார்க்க முடியுமா அண்ணாச்சி?"

அவர் ஊருக்கு வீடியோ கால் போட்டார். தம்பி மகன் பொன்ராசு எடுத்தான். ஸ்கூட்டரில் தேரிக்குப் போனான். போனில் காற்று இரைந்தது. படம் ஆடியது. சிவப்பு... சிவப்பு... ஒரு பனைமரம்... சிவப்பு.

"தெறந்துதான் கெடக்கு பெரியப்பா."

"கிட்டக் காட்டுலே."

எலும்பு. கை எலும்பு. மண்ணிலிருந்து மணிக்கட்டு வரை வெளியே வந்திருந்தது.

விரல்கள் மூடியிருந்தன.

விரல்களுக்கு நடுவே... இரும்பு.

துருப் பிடிக்கவில்லை. பளபளவென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் மண் அப்பியிருந்தது. அந்த எண்ணெய் நான் தடவியது.

"நம்பர்..." என்றேன். லிங்கதுரை கேட்டார். "ஏலே, அதுல நம்பரு இருக்கா?"

பொன்ராசு ஊதினான். மண் பறந்தது.

"ஏ போட்டிருக்கு. ரெண்டு... சைபரு... ஒம்பது... மூணு."

என் போனில் இருந்த படத்தைத் திறந்தேன். அதே நம்பர்.

"எடுத்துருலே. ஒரு வயசானவிய மானம் அதுல இருக்கு. எடு."

அவன் குனிந்தான். போன் மணலில் விழுந்தது. வானம் தெரிந்தது. மூச்சு இரைக்கிற சத்தம். இழுக்கிற சத்தம்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

"பெரியப்பா..."

"என்னலே?"

"விட மாட்டேங்கு."

போன் துண்டித்துப் போனது. நாங்கள் மறுபடி அடித்தபோது அவன் வீட்டில் இருந்தான். ஆயிரம் சொன்னாலும் திரும்பப் போக மாட்டேன் என்றான். அடுத்த நாள் லிங்கதுரையே ரயில் ஏறினார். அவர் போவதற்குள் காற்று மாறி, அந்த இடம் எது என்றே தெரியாமல் ஆள் உயரத்துக்கு மணல் ஏறிவிட்டது.

ஏழாம் நாள் நாங்கள் வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போனோம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் யார் எழுதிக்கொள்வார்கள்? இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அவருக்கும் மாமியைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கிஸ்கோ பேச்சா, அம்மா? யாருக்கு வித்தீங்க?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் தாராவியில் கேட்டு வந்தது எதையும் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எழுபத்தைந்து வருஷத்தில் திருநெல்வேலிப் பக்கம் கால் வைக்காதவர். பிறந்ததும் வளர்ந்ததும் மாட்டுங்கா.

"நான் விக்கல" என்றார். "துப்பாக்கி கெடச்சா போட்டுக் காமிப்பேன்."

அது மாமியின் பேச்சு இல்லை. குரலும் மாமியின் குரல் இல்லை.